தத்துவம் படிக்க கம்யூனிட்டி காலேஜ் வழியாக யூசி போகலாமா? பே ஏரியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஃப்ரீமாண்டுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, மகள் தத்துவம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், இரண்டு ஆண்டு கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு யூசிக்கு, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, மாறினால் அவள் எதிர்காலம் கெட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடாது. கம்ப்யூட்டர் சயின்ஸைவிட தத்துவத்துக்கு இந்த வழி நன்றாகவே பொருந்தும். கணிதம், இயற்பியல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வகுப்புகள் இதற்குத் தேவையில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் மேஜருக்கென்று, அதாவது முக்கியப் பாடத்துக்கென்று, நாலைந்து வகுப்பு, மீதியெல்லாம் பொதுப்பாடம். நானும் இந்த வழியில் போய்த் தத்துவத்தில் பட்டம் வாங்கியவன்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் விசா. மகள் ஹெச்-4 (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) என்றால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறாமலே படிக்கலாம், முழுநேரம் படிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கலிஃபோர்னியாவில் ஹெச்-4 உள்ளவர்கள் வசிப்பாளர் கட்டணத்துக்கு, அதாவது மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான குறைந்த கட்டணத்துக்கு, தகுதி பெறலாம். செமஸ்டர் தொடங்குவதற்கு முன்னால் ஓராண்டும் ஒரு நாளும் இங்கே இருந்திருக்க வேண்டும், இங்கேயே தங்கும் எண்ணத்துக்குச் சான்றும் காட்ட வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் நாள்கணக்கைத்தான் பார்ப்பார்கள். வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், மாநில வரித் தாக்கல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். வசிப்பாளருக்கு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அளவு) 46 டாலர், யூசிக்கு மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். டி அன்ஸா மாதிரி குவார்ட்டர் முறையில், அதாவது சிறிய பருவங்களாக, நடக்கும் கல்லூரியில் யூனிட்டுக்கு 31 டாலர், 90 யூனிட் வேண்டும். கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வசிப்பாளர் இல்லையென்றால் இதற்கு மேல் யூனிட்டுக்குச் சில நூறு டாலர் ஏறும். உங்களுக்கு ஓராண்டு முடிய இன்னும் சில மாதம்தான் என்றால், முதல் பருவத்தில் ஒரே ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். மீதியை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவிடலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் 21 வயது. அன்றோடு ஹெச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் எஃப்-1க்கு மாற வேண்டியிருக்கும், மாறினால் வசிப்பாளர் கட்டணம் பொதுவாகக் கைவிட்டுப் போகும். யூசியில் வெளியாருக்கான கூடுதல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல். மகளின் பிறந்த தேதியையும் நான்கு ஆண்டுப் படிப்பையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூன்றாம் ஆண்டின் நடுவில் 21 வருகிறது என்றால் இப்போதே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. எந்த மேஜர் என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சரி, வகுப்புகளுக்கு வருவோம். பலரும் இடறி விழுவது இங்கேதான். கல்லூரிப் பட்டியலைத் திறந்தால் தத்துவத்தில் சுவையான தலைப்புகள் நிறைய இருக்கும்: மதத் தத்துவம், ஆசியத் தத்துவம், அறிவியல் தத்துவம். பிள்ளைகள் பிடித்ததையெல்லாம் எடுத்துவிட்டு, இரண்டாம் ஆண்டு முடிவில் பார்த்தால் போக நினைத்த யூசி கேட்ட வகுப்பு ஒன்றும் கையில் இருக்காது. அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற தளம் ஒன்று இருக்கிறது. எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்த வகுப்பு, எந்த யூசியின் எந்த வகுப்புக்குச் சமம் என்று அங்கே அதிகாரபூர்வமாகப் போட்டிருப்பார்கள். சேருமுன்பே மூன்று நான்கு யூசி வளாகங்களின் பக்கங்களைத் தரவிறக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லூரியின் கவுன்சிலர் (பாட ஆலோசகர்) நல்லவராகவே இருப்பார். ஆனால் அவர் நர்சிங்கிலிருந்து பிசினஸ் வரை எல்லாருக்கும் வழி சொல்பவர். தத்துவத்துக்கு வருபவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் அந்த அசிஸ்ட் பக்கங்களை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.

யூசியின் பெர்க்லி வளாகத்தை எடுத்துக்கொண்டால் முதல் இரண்டு ஆண்டுக்கான கீழ்நிலையில் முக்கியமாகக் கேட்பது குறியீட்டுத் தருக்கம், பண்டைய கிரேக்கத் தத்துவம், டெக்கார்ட் தொடங்கி கான்ட் வரையிலான நவீனத் தத்துவம். இதில் தருக்கத்தில்தான் குழப்பம் வரும். ஒரே கல்லூரியில் கிரிட்டிக்கல் திங்கிங், இன்ட்ரடக்ஷன் டு லாஜிக், சிம்பாலிக் லாஜிக் என்று மூன்று வகுப்பு இருக்கலாம். முதலாவதில் செய்தித்தாள் கட்டுரையில் உள்ள ஓட்டை வாதத்தைப் பிடிக்கச் சொல்லித் தருவார்கள். மூன்றாவதில்தான் குறியீடு போட்டு, விதிகளைக் காட்டி, வரிவரியாக நிரூபணம் எழுத வேண்டும். தத்துவத் துறைகள் பெரும்பாலும் கேட்பது அந்த மூன்றாவதை. பெயரைப் பார்த்து எடுக்காமல் அசிஸ்ட் பட்டியலில் உள்ள வகுப்பு எண்ணைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். நம்மூரில் கணக்கு நன்றாகப் போட்ட பிள்ளைக்கு இந்த வகுப்பு இனிக்கும்.

இன்னொரு தொல்லை, சிறிய கல்லூரிகளில் பண்டையத் தத்துவமும் நவீனத் தத்துவமும் எல்லாப் பருவத்திலும் நடக்காது. ஆள் சேராவிட்டால் தொடங்கிய பிறகும் ரத்து செய்துவிடுவார்கள். அப்படி ஆனால் வேறொரு கம்யூனிட்டி காலேஜில் அதே வகுப்பை ஆன்லைனில் எடுக்கலாம். மாநிலத்தில் 116 கல்லூரிகள் இருக்கின்றன, கலிஃபோர்னியா விர்ச்சுவல் கேம்பஸ் தளத்தில் தேடினால் எங்காவது நடக்கும். ஆனால் அந்தக் கல்லூரியின் வகுப்பும் அசிஸ்டில் சமமாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

டாக் (TAG) என்று ஒரு உத்தரவாதத் திட்டம் உண்டு, நிபந்தனைகளை நிறைவு செய்தால் யூசியில் இடம் உறுதி. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் போடலாம். செப்டம்பர் மாதம் முழுக்க விண்ணப்பக் காலம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ இதில் இல்லை. டாக் போட்டவர்களும் பொது விண்ணப்பத்தில் அவற்றுக்குப் போடலாம், அதனால் டாக் போடாமல் விடுவதற்குக் காரணமே கிடையாது. தத்துவத்தில் ஏஏ-டி என்ற, மாறுவதற்கென்றே உள்ள இரண்டாண்டுப் பட்டம் தரும் கல்லூரிகளும் உண்டு. அது கால் ஸ்டேட் (யூசி அல்லாத இன்னொரு மாநிலப் பல்கலைக்கழக) அமைப்பில் ஓர் இடத்துக்கு உத்தரவாதம், இன்ன வளாகம்தான் என்று இல்லை.

வகுப்பறை எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் இந்த வழியின் பெரிய லாபமே அதுதான். முதல் ஆண்டிலேயே முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் தொலைந்துபோகாமல், சின்ன அறையில் ஆசிரியரோடு நேருக்கு நேர் வாதாடலாம். தாள் திருத்துவதும் பெரும்பாலும் அவரேதான், உதவியாளர் இல்லை. நம் பிள்ளைகள் செய்யும் முதல் காரியம், பாடத்தில் சொன்னதை அழகாகச் சுருக்கி எழுதிக் கொடுப்பது. அதற்கு இங்கே சி கிரேடுதான் வரும். உதாரணமாக, நான் இப்போது கனவு காணவில்லை என்று உறுதியாகத் தெரியாது, ஆகவே புலன்களை நம்ப முடியாது என்பது டெக்கார்ட் வைக்கும் வாதம். அதை விளக்கினால் பாதி வேலைதான். எந்த முற்கூற்று (வாதம் நிற்கும் அடிப்படைக் கூற்று) ஆட்டம் காண்கிறது, ஏன், அதற்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார், அந்தப் பதில் போதுமா என்று போக வேண்டும். பெரியவர்களை மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைக்கு இது பழக ஒரு பருவம் பிடிக்கும்.

ஆசிரியர்களில் பலர் பகுதிநேரம். காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இன்னொன்று என்று காரிலேயே வாழ்வார்கள், இங்கே அவர்களை ஃப்ரீவே ஃப்ளையர் என்பார்கள். அடுத்த பருவம் அங்கே இருப்பார்களா என்று சொல்ல முடியாது. யூசி பொதுவாகப் பரிந்துரைக் கடிதம் கேட்காது, தனியார் பல்கலைக்கழகங்கள் பல கேட்கும். தேவைப்படும் என்று தோன்றினால் அந்த வகுப்பு முடிவதற்குள் பேசி வைக்க வேண்டும்.

வேலை பற்றி உறவினர்கள் கேட்பதற்கு: சட்டப் படிப்புக்கு இங்கே குறிப்பிட்ட மேஜர் எதுவும் வேண்டியதில்லை, தத்துவம் படித்தவர்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். ஆனால் எஃப்-1 நிலையில் பட்டம் வாங்கினால் தத்துவம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. ஓபிடி, அதாவது பட்டம் முடித்தபின் வேலை செய்யும் அனுமதி, 12 மாதம்தான், மேலும் 24 மாத நீட்டிப்பு கிடையாது. 21 வயதுச் சிக்கல் இருக்கும் வீடுகளில் இதை மறைக்காமல் பேசிவிடுங்கள். காக்னிட்டிவ் சயின்ஸ், கணிதம் மாதிரி ஒன்றைச் சேர்த்து இரட்டை மேஜர் செய்பவர்களும் உண்டு. அப்படியென்றால் அந்த மேஜர் கேட்கும் வகுப்புகளையும் முதல் பருவத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

இதே திரியில் ஹெச்-4இல் இருக்கும் தங்கை ஒருவர், பி.இ. முடித்திருக்கிறேன், எனக்கும் இந்த வழி உண்டா என்று கேட்டிருந்தார். ஏற்கனவே இளநிலைப் பட்டம் உள்ளவர்களை யூசி பொதுவாக இரண்டாவது பட்டத்துக்கு எடுக்காது. நீங்கள் கம்யூனிட்டி காலேஜில் தருக்கமும் தத்துவ வரலாற்று வகுப்புகளும் எடுத்து, இரண்டு நல்ல கட்டுரைகள் தயார் செய்துகொண்டு, எம்.ஏ.வுக்குப் போடுங்கள். சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட்டிலும் சான் ஹோசே ஸ்டேட்டிலும் தத்துவத்தில் எம்.ஏ. இருக்கிறது.

அக்கா, கவுன்சிலரிடம் நேரம் இப்போதே வாங்கிவிடுங்கள். ஆகஸ்ட் வந்தால் வரிசை நீண்டுவிடும்.