அனுபவப் பகிர்வு: வீட்டு ஊடகச் சேர்வரை வெளிநாட்டிலிருந்து திறந்த கதைகள்

கொக்குவிலிலிருந்து ஓர் உறுப்பினர்:

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் கிடைப்பதில்லை. சைக்கிள் டைனமோவில் கசெற் ரெக்கோடரை இணைத்து, பெரியண்ணை மிதிக்க, கனடாவிலிருந்த அக்காவுக்காக அம்மா பேசிப் பதிவு செய்வார். அவற்றுள் அனுப்ப வழியில்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட பதினொரு கசெற்றுகளைக் கடந்த ஆண்டு கணினியில் ஏற்றினேன். பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டு என்ற இயங்குதளத்தையும், அதிலுள்ள ஒலி, ஒளிக் கோப்புகளை வேறு கருவிகளில் கேட்கவும் பார்க்கவும் தரும் ஜெலிஃபின் என்ற மென்பொருளையும் நிறுவி அதை வீட்டுச் சேர்வராக்கியதும் வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ரொறன்ரோவிலுள்ள அக்காவும் கேட்கும்படி செய்வதில்தான் பத்து நாட்கள் போயின.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். ஜெலிஃபின் பயன்படுத்தும் 8096 என்ற போர்ட்டை, அதாவது தரவு வந்துபோகும் எண்ணிட்ட வாசலை, மடிக்கணினியின் ஃபயர்வோலில் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருளில்) அனுமதித்து, ரவுட்டரின் பக்கத்தில் அதே போர்ட்டை 192.168.1.20 என்ற உள்வீட்டு முகவரிக்குத் திருப்பிவிட்டேன். இணையத்தில் தெரிந்த எங்கள் முகவரியை அக்காவுக்கு அனுப்பினேன். "தம்பி, சுத்திக்கொண்டே நிக்குது, ஒண்டும் வரேல்லை" என்றார். ஃபயர்வோல்தான் தடுக்கிறது என்று நம்பி, இரண்டு மாலை நேரங்களை அதன் விதிகளை மாற்றி மாற்றி எழுதுவதிலேயே செலவழித்தேன்.

மூன்றாம் நாள்தான் செய்யவேண்டியதைச் செய்தேன். மடிக்கணினியில், வந்துபோகும் தரவை வரி வரியாகக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையை 8096 போர்ட்டுக்கு ஓடவிட்டு, அக்காவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டே பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். வீட்டுக்குள்ளிருந்து என் கைபேசியில் திறந்தபோது திரையில் வரிகள் ஓடின. அக்கா திறந்தபோது ஒரு வரிகூட அசையவில்லை. அந்தக் கட்டளை ஃபயர்வோல் தடுப்பதற்கு முன்பே வருவதைக் காட்டிவிடும் என்பதால், தரவு எங்கள் மடிக்கணினி வரை வந்து சேரவே இல்லை என்பது உறுதியாயிற்று. பிறகு ரவுட்டரின் நிலைப் பக்கத்தைப் பார்த்தால், அதற்கு வெளியிலிருந்து வழங்கப்பட்டிருந்த முகவரி 100.81 என்று தொடங்கியது. இணையத்தில் தெரிந்த முகவரியோ முற்றிலும் வேறு.

100.64 முதல் 100.127 வரையான முகவரிகள், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைப்பதற்காக 2012இல் இணைய வழங்குநர்களுக்கென ஒதுக்கப்பட்டவை. அதாவது என் ரவுட்டருக்கு வெளியே வழங்குநரின் இன்னொரு வாசல் இருக்கிறது. அந்த வாசலைத் திறக்கும் அதிகாரம் எனக்கில்லை. என் படலையை எவ்வளவு அகலத் திறந்து வைத்தாலும், ஒழுங்கை முகப்பு பூட்டியிருந்தால் ஆரும் உள்ளே வர முடியாது. ஆகவே இந்த வேலையில் இறங்குபவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன்னர் ரவுட்டரின் நிலைப் பக்கத்திலுள்ள முகவரியும் இணையத்தில் தெரியும் முகவரியும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

பொது முகவரிக்கு மாதாமாதம் மேலதிகக் கட்டணம் செலுத்த விரும்பாததால், தூரத்திலுள்ள கருவிகளை ஒரே தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை நிறுவினேன். இரு முனைகளும் உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பைத் தொடங்கி நடுவில் சந்திப்பதால், எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. நேரடிப் பாதை அமையாதபோது இடைச் சேர்வர் ஒன்றின் வழியாகப் போகும். அப்போதும் தரவு முனைக்கு முனை பூட்டப்பட்டே இருக்கும். ஒரே ஒரு குழப்பம்: டெயில்ஸ்கேல் தரும் முகவரிகளும் அதே 100.64 வீச்சிலேயே வருவதால், எது வழங்குநர் தந்தது, எது இது தந்தது என்று ஒரு நாள் முழுவதும் தடுமாறினேன். ரவுட்டரில் முன்பு எழுதிய திருப்பல் விதியை அன்றிரவே அழித்துவிட்டேன். பயன்படாத வாசலை விட்டுவைக்க மனம் வரவில்லை.

அடுத்த நாள் இரவு எட்டு மணிக்கு, அங்கே காலை பத்தரைக்கு, அக்கா முதல் கசெற்றைக் கேட்டார். அண்ணை களைத்து மெதுவாக மிதித்த இடங்களில் பதிவு நாடாவும் மெதுவாக ஓடியிருப்பதால், இப்போது சரியான வேகத்தில் கேட்கும்போது அந்த இடங்களில் அம்மாவின் குரல் மெலிந்து உயர்கிறது. மென்பொருளால் அதைச் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

சாவகச்சேரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் இணைப்புக்கு உண்மையான பொது முகவரி இருந்ததால் போர்ட் திறப்பது எனக்கு முதல் நாளே பலித்தது. அதுவே பிழையாகவும் போயிற்று. ஜெலிஃபினோடு சேர்த்து, சேர்வரைத் தூரத்திலிருந்து பராமரிப்பதற்கென 22ஆம் போர்ட்டையும் திறந்துவிட்டேன். மறுநாள் காலை, உள்நுழைய முயன்றவர்களைச் சேர்வர் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பைப் பார்த்தபோது, முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து "ரூட்", "அட்மின்" என்ற நிர்வாகிக் கணக்குப் பெயர்களில் கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே எவரும் வரவில்லை என்றாலும், பிள்ளைகளின் படங்கள் இருக்கும் இயந்திரத்தில் அதைக் காண எனக்குக் கை நடுங்கியது.

எல்லாவற்றையும் மூடிவிட்டு, சாவி உள்ளவர்கள் மட்டும் வீட்டு வலையமைப்புக்குள் வர வழிசெய்யும் வயர்கார்ட் என்ற மென்பொருளை நிறுவி, அதற்குரிய யுடிபி வகைப் போர்ட் 51820ஐ மட்டும் திறந்துவிட்டேன். சரியான சாவி இல்லாமல் வரும் தரவுக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது. தட்டுபவனுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. பிறகும் லண்டனிலுள்ள தம்பிக்குப் பக்கம் திறக்கவில்லை. அவருடைய வீடும் எங்கள் வீடும் 192.168.1 என்ற ஒரே வலையமைப்பைப் பயன்படுத்தியதால், அவருடைய கணினி எங்கள் சேர்வரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டின் வீச்சை 10.47.12 என்று மாற்றியதும் சரியாயிற்று. மின்தடைக்குப் பிறகு சேர்வரின் உள்வீட்டு முகவரி மாறாதபடி ரவுட்டரில் அதை நிலையாக ஒதுக்கிவிடுங்கள்; அப்படிச் செய்யாததால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாயிற்று.

நெல்லியடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

இணைப்பு அமைந்த பின்னர் வரும் தொல்லையையும் சொல்லவேண்டும். பாரிஸில் இருக்கும் சின்னம்மா எங்கள் திருமண வீடியோவைத் திறந்தால் பத்து விநாடிக்கு ஒரு தடவை நின்றது. வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகத்தை அளந்தேன். விநாடிக்கு 4 மெகாபிட்தான் இருந்தது. வீடியோவுக்கோ விநாடிக்கு 8 மெகாபிட் வேண்டும். இணையம் வேகமானது என்று நாம் சொல்வது இறக்கும் வேகத்தைத்தான். வீட்டுச் சேர்வருக்குத் தேவையானதோ ஏற்றும் வேகம். ஜெலிஃபினின் அமைப்புகளில் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கான வேக வரம்பை விநாடிக்கு 3 மெகாபிட் என்று வைத்தேன். அப்போது சேர்வரே வீடியோவைச் சுருக்கி அனுப்பவேண்டும் என்பதால், பழைய கணினியின் புரொசசர் திணறாமலிருக்க, அந்த வேலையைச் சிப்பிலுள்ள தனிப்பகுதியிடம் கொடுக்கும் இன்டெல் குயிக் சிங்க் வசதியையும் இயக்கிவிட்டேன்.

சின்னம்மாவின் தொலைக்காட்சியில் டெயில்ஸ்கேல் செயலி இல்லை. ஆண்ட்ராய்டு டிவி பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தச் சொன்னேன். அதில் டெயில்ஸ்கேல், ஜெலிஃபின் என்ற இரண்டு செயலிகளையும் மச்சாள் நிறுவிக் கொடுத்தார். இப்போது சின்னம்மா தானாகவே ரிமோட்டால் திறந்து பார்க்கிறார். போன கிழமை, மணவறைக்குப் பின்னால் நிற்பது ஆர் என்று கேட்க எனக்கு அழைத்தார்.