நன்கொடையில் கட்டும் கூடைப்பந்துப் பயிற்சிக்கூடம்: ஒரு கோர்ட்டா, இரண்டா?

கேள்வி (திட்டக்குழு):
அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயிற்சிக்கூடம் கட்டப் பேச்சு நடக்கிறது. கொடையாளர் தன் பெயர் வைக்கக் கேட்கிறார், பணத்தை 5 வருடத் தவணையில் தருவார், ஆண்கள் அணிக்கு மட்டும் என்கிறார். இடம் இரண்டு கோர்ட்டுக்குப் போதும். தரைக்கு மேப்பிள் மரம். எதை முதலில் முடிவு செய்யலாம்?

பதில் 1 (கணக்குப்பிள்ளை):
"ஆண்களுக்கு மட்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுத விடாதீர்கள். கல்வி நிறுவனங்களில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-இன் டைட்டில் 9 சட்டம், தனியார் பணம் என்பதற்காக விலகி நிற்காது. பெண்கள் அணிக்கு ஈடான வசதி இல்லையென்றால் அதைச் செய்து தரும் பொறுப்பு பல்கலைக்கழகத்தின் தலையில் விழும். யுசிஎல்ஏ-வில் (லாஸ் ஏஞ்சலிஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) 2017-இல் திறந்த, கொடையாளர் மோ ஆஸ்டின் பெயரிலான பயிற்சிக்கூடத்தில் இரண்டு அணிக்கும் தனித்தனி கோர்ட். அங்கே ஆஸ்டின் தந்தது 1 கோடி டாலர். மொத்தச் செலவு அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். பெயருக்கு உரியவர் முழுச் செலவையும் தருவார் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

தவணை இன்னொரு வில்லங்கம். கான்ட்ராக்டர் பில் மாதாமாதம் வரும், நன்கொடை வருடத்துக்கு ஒருமுறை. இடையில் வாங்கும் கடனுக்கு வட்டி யார் கணக்கு என்று இப்போதே எழுதுங்கள். பராமரிப்புக்குத் தனி வைப்புநிதியும் கேளுங்கள்: வருடம் 2 லட்சம் டாலர் தேவை, 4% எடுக்கலாம் என்றால் மூலதனம் 50 லட்சம்.

பதில் 2 (மரத்தளம்):
மேப்பிள் சரிதான், 25/32 அங்குலக் கனம் வழக்கம். ஆனால் ஈரத்தை அடக்காவிட்டால் எந்தப் பலகையும் நிற்காது. கான்கிரீட் ஊற்றிக் குறைந்தது 60 நாள் விடுங்கள். பிறகு துளை போட்டு உள்ளே ஈரப்பதம் அளக்க வேண்டும். 85%-க்குள், பசையில் ஒட்டும் முறையானால் 75%-க்குள். மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்து 'காய்ந்துவிட்டது' என்பதெல்லாம் செல்லாது.

பலகை உள்ளே வரும் முன்பே ஏ.சி. நிரந்தரமாக ஓட வேண்டும், கூடத்தின் ஈரப்பதம் 35–50%. சுவரோரம் சுற்றிலும் 2 அங்குல இடைவெளி விட்டு, காற்று போகும் ஓரப்பட்டையால் மூடுங்கள். இடைவெளி இல்லையேல் மரம் விரியும்போது தரை எம்பிவிடும்.

கோடை விடுமுறையில் மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஏ.சி.யை நிறுத்துவதுதான் பெரிய வினை. அடியில் ஈரம் ஏறிப் பலகைகளின் ஓரம் தூக்கும். அவசரப்பட்டு அப்போதே இழைத்துவிட்டால், காய்ந்ததும் ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்து, காயவிட்டு, அப்புறம் இழையுங்கள்.

பதில் 3 (கோடும் வளையமும்):
கோர்ட் 94 × 50 அடி, சுற்றிலும் 10 அடியாவது வெற்றிடம். பக்கவாட்டு வளையங்கள் மோட்டாரில் மேலே மடங்குபவையாக இருக்கட்டும். அவை கூரை எஃகில்தான் தொங்கும். ஆகவே எத்தனை, எங்கே என்பதை எஃகு வடிவமைக்கும் முன்பே பொறியாளரிடம் கொடுங்கள். பிறகு சேர்ப்பது வீண்செலவு.

என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) மூன்று புள்ளிக் கோடு ஆண்களுக்கு 2019-20 முதலும் பெண்களுக்கு 2021-22 முதலும் 22 அடி 1¾ அங்குலம்தான், ஒரே வளைவு போதும். தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் 23 அடி 9 அங்குலக் கோடு வேண்டுமானால் மங்கலான நிறத்தில் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஒரே கோர்ட் கட்டி, இரண்டு அணிக்கும் நேரம் பிரித்தால்?

பதில் 1 (கணக்குப்பிள்ளை):
செய்யலாம். மாலை 3 மணிக்கான முறை எப்போதும் ஒரே அணிக்குப் போகக்கூடாது, அட்டவணையும் ஈடாக இருக்க வேண்டும். இரண்டு பயிற்சியாளர்களும் கேட்பது அதே நேரத்தைத்தான். இடம் இருக்கிறது என்கிறீர்கள், இரண்டாகவே கட்டுங்கள்.