விற்பனைப் புத்தகம் படித்துவிட்டு ஏலக்காய் விற்கப் போனேன், எங்கே தப்பு?

கம்பத்துப் பையன்:

ஊர் கம்பம். குமுளியில் மாமாவின் மசாலாக் கடையில் இரண்டு வருடமாக நிற்கிறேன். காலையில் லோயர் கேம்ப் வழியாக பஸ்ஸில் மேலே ஏறுவேன், ராத்திரி இறங்குவேன். ஏலக்காய், மிளகு, கிராம்பு, தேயிலை, அப்புறம் டூரிஸ்ட்டுகள் கேட்கிற சாக்லேட். தெரு முழுக்க இதே மாதிரி கடைகள்தான், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பேச்சில்தான் ஆளை நிறுத்த முடியும் என்று நினைத்து இரண்டு புத்தகம் வாங்கினேன். ஒன்று அமெரிக்காக்காரர் டேல் கார்னகி 1936-இல் எழுதியது. இன்னொன்று ராபர்ட் சியால்டினி 1984-இல் எழுதியது.

ஒருவருக்கு அவருடைய பெயரைப் போல இனிப்பது வேறில்லை என்கிறார் கார்னகி. ஒரு மலையாளப் பெரியவர் ஜிபேயில் பணம் போட்டார், போனில் பெயர் வந்தது. "தேங்க்ஸ் ஜார்ஜ்" என்றேன். அவருக்கு அறுபத்தைந்து வயதாவது இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகளிடம் ஏதோ சொன்னார். மாமா கல்லாவை விட்டு எழுந்து வந்து "சேட்டா, பையன் புதுசு" என்றார். இரண்டு வருடமாகப் புதுசு!

அடுத்தது சியால்டினி. கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் வந்தால் ஆள் வாங்குவான். ஏலக்காயின் பருமனை எம்எம்மில்தான் சொல்வோம். சென்னையிலிருந்து வந்த ஓர் அக்காவிடம், "இந்த எட்டு எம்எம் காய் ரெண்டு கிலோதான் மிச்சம், அடுத்த லாட் வர பத்து நாள் ஆகும்" என்றேன். கால் கிலோ கேட்டவர் அரை கிலோவாக வாங்கினார். எனக்கு ஒரே குஷி. அரை மணி நேரம் கழித்து, மறந்து வைத்த குடையை எடுக்கத் திரும்பி வந்தார். நான் அப்போதுதான் உள்ளேயிருந்து அதே காய் மூட்டையைத் தூக்கி வந்து டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தேன். காய் கொட்டுகிற சத்தம் தகரத்தில் மழை விழுகிற மாதிரி இருக்கும், மறைக்கவே முடியாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்தக் கலை புத்தகத்தில் வருமா, இல்லை நான் தப்பான புத்தகத்தைப் படிக்கிறேனா? மாமாவிடம் கேட்டால் "முதல்ல டப்பாவைத் துடை" என்கிறார்.

ஜவுளிக்கடைக்காரன்:

தம்பி, நம்ம ஊர்தான். 28 வருடம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போட்டவன். ஜார்ஜ் கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. நம்ம பக்கம் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது மரியாதைக் குறைவு. அமெரிக்காவில் பெயர் செய்கிற வேலையை இங்கே முறை செய்யும். சேட்டா, சேச்சி, அண்ணாச்சி; கார்த்திகை பிறந்துவிட்டால் மாலை போட்டவர் எல்லோரும் சாமி. அதுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஓணத்துக்கு முன்னால் மேலேயிருந்து துணி எடுக்க வருகிறவர்களிடம், "போன வருஷம் மகளுக்கு அரக்குல எடுத்தீங்களே, சாயம் நிக்குதா?" என்று கேட்பேன். அந்தம்மா பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொன்று, நீ பேச்சையே பிடித்துக்கொண்டிருக்கிறாய். நான் கையைப் பார்ப்பேன். வாய் "சும்மா பாக்கலாம்னு வந்தோம்" என்று சொல்லும். ஐந்து சேலையை விரி. நாலைப் புறங்கையால் தள்ளுவார்கள், ஒன்றின் முந்தியை மட்டும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்து உருட்டிக்கொண்டே இருக்கும். அவர்கள் வேறு சேலையைப் பற்றிப் பேசும்போதும் அது அந்த முந்தியை விடாது. அப்போது வாயை மூடிக்கொண்டு மற்ற நாலையும் மடி. இதை எந்தப் புத்தகம் படித்தும் நான் கற்றுக்கொள்ளவில்லை. மடித்து மடித்து முதுகு போனதுதான் மிச்சம்.

போடி வாசகன்:

புத்தகத்தைக் குறை சொல்லாதீர்கள். சியால்டினி வாங்குகிறவர்களுக்காக எழுதினார். ஒவ்வொரு தந்திரத்தைப் பற்றிய அத்தியாயத்தின் கடைசியிலும் அதிலிருந்து எப்படித் தப்புவது என்று ஒரு பகுதி வரும். தம்பி அதைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார். சியால்டினி பேராசிரியர் என்றாலும், கிட்டத்தட்ட மூன்று வருடம் தான் யாரென்று சொல்லாமல் கார் விற்பவர்கள், நன்கொடை திரட்டுபவர்கள் நடுவில் பயிற்சிக்கு இருந்துதான் விஷயத்தைத் திரட்டினார். கார்னகியும் அப்படித்தான். எழுத்துக்கு வருமுன் ஒரு கம்பெனிக்காகப் பன்றி இறைச்சியும் சோப்பும் விற்று அலைந்தவர். 1912-இலிருந்து நியூயார்க்கில் பேச்சு வகுப்பு எடுத்து, அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 1936 புத்தகம்.

ரெண்டு கிலோதான் மிச்சம் என்பது நிஜமாக இருந்தால் அது தகவல், தாராளமாகச் சொல்லலாம். மூட்டை உள்ளே இருந்ததுதான் வில்லங்கம்.

சேலையை மடிக்கச் சொன்னாரே, அதற்கு ஓர் ஆராய்ச்சி உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் ஒரு சமயம் 24 வகை ஜாம், இன்னொரு சமயம் 6 வகை வைத்துப் பார்த்தார்கள். 24 வகை இருந்தபோது நிறையப் பேர் நின்றார்கள், ஆனால் நின்றவர்களில் வாங்கியது 3%. ஆறு வகை இருந்தபோது 30%. 2000-இல் வெளியானது. இதைப் பிடித்துக்கொண்டு நாளைக்கே பாதி டப்பாவை உள்ளே தள்ளிவிட வேண்டாம். 2010-இல் இதே மாதிரிப் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

வாளையாறு வடக்கு:

நான் படித்தது புத்தகத்தில் இல்லை, லாட்ஜ் ஹாலில் நடந்த, தெரிந்தவர்களிடமே விற்கச் சொல்கிற ஒரு கம்பெனிக் கூட்டத்தில். கோட்டு போட்ட ஒருவர், தெரிந்தவர்கள் 100 பேர் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். முதல் பெயர் சித்தப்பா. டப்பா சத்துமாவு இன்னும் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது, பேச்சுவார்த்தைதான் இல்லை.

கம்பத்துப் பையன்:

ஜவுளிக்கடை அண்ணே, நேற்று கையைப் பார்த்தேன். ஒரு சேச்சி எட்டு எம்எம் காயைக் காட்டிப் பேசிக்கொண்டே ஏழு எம்எம் டப்பாவில் விரலை விட்டுத் துழாவினார். எதற்கு என்று கேட்டேன், பாயசத்துக்காம். ஒரு காயை உரித்து உள்ளங்கையில் கொட்டினேன். விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. "பொடிக்கத்தானே போறீங்க சேச்சி, இதுவே போதும்" என்றேன். ஏழு எம்எம் நூறு கிராம் வாங்கிக்கொண்டு போனார்.

மாமா கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு எம்எம் போயிருந்தால் கூடக் காசு. கேட்பார் என்று நினைத்தேன். "துணி அங்க இருக்கு, டப்பாவைத் துடை" என்றார்.