ஏஞ்சல் மீன் முட்டை மறுநாளே வெள்ளையாகிறது: கோளாறு ஜோடியிலா, தண்ணீரிலா?

மதுரைத்தொட்டி:
மூன்றடி தொட்டியில் ஒரு ஜோடி ஏஞ்சல். கூடவே கொஞ்சம் டெட்ரா மீன், கண்ணாடியில் ஒட்டிப் பாசி மேயும் சக்கர் மீன் ஒன்று. ஸ்பான்ஜ் பில்டர் ஓடுகிறது. போர் தண்ணீர்தான்: டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 900, பிஎச் 7.8. ஹீட்டர் இல்லாமலே 29 டிகிரி. அமேசான் ஸ்வார்டு செடியின் இலையில் வரிசையாக முட்டை வைத்து ரெண்டுமே விசிறுகின்றன. மறுநாள் பாதிக்கு மேல் வெள்ளை, அதற்கடுத்த ராத்திரி இலை காலி. பூஞ்சைக்குப் போடும் நீல மருந்து மெத்திலீன் ப்ளூவைத் தொட்டியிலேயே ஊற்றலாமா? ஆர்ஓ வாங்கியே ஆகணுமா?

செதில்காரன்:
மெயின் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஸ்பான்ஜில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறும். சிலிக்கான் ஒட்டும் நீலம் பிடித்து அப்படியே நின்றுவிடும்.

கரு கூடிய முட்டை தேன் நிறத்தில், உள்ளே தெரியும்படி இருக்கும். ஒன்றரை நாளில் அதற்குள் கரும்புள்ளி வரும். ஒரே நாளில் மொத்தமும் வெளுத்தால் கரு கூடவில்லை என்று அர்த்தம். பூஞ்சை அதற்கப்புறம்தான், செத்த முட்டையில் பிடித்து நூல் நூலாகப் பக்கத்து முட்டைக்கும் பரவும்.

ரெண்டும் பெண்ணா என்று முதலில் பாருங்கள். ரெண்டு பெண் ஏஞ்சல் ஜோடி சேர்ந்து, இலையைச் சுத்தம் செய்து, காவல்கூடக் காக்கும். நெற்றி மேட்டை வைத்து ஆண், பெண் சொல்வதை நம்ப முடியாது. முட்டை வைக்கும் சமயம் வயிற்றடியில் நீளும் குழாயைப் பாருங்கள்: பெண்ணுக்குத் தடிமனாக, முனை மழுங்கி இருக்கும், ஆணுக்கு மெலிசாக, கூராக இருக்கும்.

மதுரைத்தொட்டி:
ஒரு குழாய் தடி, ஒன்று மெலிசு. பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வெளுக்காத முட்டைகளில் புள்ளி தெரிகிறது.

செதில்காரன்:
அப்போ ஆண் இருக்கிறது. தண்ணீரைக் கவனியுங்கள். கால்சியம் அதிகமான தண்ணீரில் முட்டையின் மேல்தோல் இறுகிப்போய் கரு கூடுவது குறையும். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தன்மைக்குத் தனி டெஸ்ட் கிட் உண்டு. ஆனால் போர் தண்ணீரில் 900 என்றால் பெரும்பாலும் கடினமாகத்தான் இருக்கும்.

இதற்காகப் புது மெஷின் வேண்டாம். வீட்டு ஆர்ஓவில் டிடிஎஸ் 50 வருகிறது என்றால் 82 லிட்டர் ஆர்ஓ, 18 லிட்டர் போர் கலந்தால் 200 பக்கம் நிற்கும். முழுக்க ஆர்ஓ ஊற்றினால் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது, திடீரென்று சரியும். ஒரே நாளில் இறக்காமல், மாற்றும் தண்ணீரை இந்தக் கலவையாக்கி ரெண்டு மூன்று வாரத்தில் இறக்குங்கள்.

பாசிக்குளம்:
எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலோ உள்ளூர்க் கடையிலோ வாங்குவது பல தலைமுறை பண்ணை மீன், அமேசானில் பிடித்ததில்லை. ஓரளவு கடினத் தண்ணீரிலும் பொரிக்கும். இளம் ஜோடியின் முதல் சில முட்டைகள் வீணாவதும் சகஜம்.

ராத்திரி இலை காலியாவதற்குத் தண்ணீர் காரணமே இல்லை. இருட்டில் சக்கர் முட்டையை மேய்ந்துவிடும். அதைப் பார்த்து மிரண்ட பெற்றோர் மிச்சத்தைத் தின்னும். சக்கரை வெளியேற்றுங்கள், ராத்திரி ஒரு மங்கலான விளக்கு எரியட்டும். ஜோடிக்குத் தனித்தொட்டி தருவது இன்னும் நல்லது: ரெண்டடி நீளம், ஒன்றரை அடி உயரம் போதும். இலைக்குப் பதில் ஒரு ஸ்லேட் துண்டைச் சாய்த்து வைத்தால் அப்படியே தூக்கலாம்.

நீலச்சொட்டு:
பெற்றோர் விடாமல் தின்றால் செயற்கையாகப் பொரிக்கலாம். முட்டை வைத்து முடித்ததும் அதே தொட்டித் தண்ணீரை 10 லிட்டர் டப்பில் எடுத்து ஸ்லேட்டை மாற்றுங்கள். சில நொடி காற்றுப் பட்டால் ஒன்றும் ஆகாது. ஏர் ஸ்டோன் குமிழி முட்டைமேல் நேராக அடிக்காமல் ஓரமாக உரசிப் போகட்டும். மெத்திலீன் ப்ளூ 1 சதவீதக் கரைசல் என்றால் 2 மில்லி. கடை பாட்டில்களின் திடம் ஒன்றுபோல் இருக்காது, லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். வெயில் படாத இடம், 28 டிகிரி. ரெண்டு, ரெண்டரை நாளில் பொரியும்.

பொரித்ததும் குஞ்சுகள் தலையால் ஒட்டிக்கொண்டு வால் துடித்தபடி தொங்கும். இப்போது இரை போடவே கூடாது, வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றி நீலத்தைக் குறையுங்கள். ஐந்தாறு நாளில் நீந்தத் தொடங்கும். அன்றைக்கு ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணீரில் பொரிக்கும் பொடி இறால் குஞ்சு) தயாராக இருக்கணும்.

மதுரைத்தொட்டி:
அவித்த முட்டை மஞ்சள் கரு கொடுக்கலாமா? ஆர்ட்டீமியா விலை அதிகமாயிருக்கே.

நீலச்சொட்டு:
மஞ்சள் கரு அரை நாளில் தண்ணீரைக் கெடுக்கும். குஞ்சு பசியில் சாவதைவிட அந்த அழுக்கில் சாவதுதான் அதிகம்.

1 லிட்டர் தண்ணீர், அயோடின் சேர்க்காத கல் உப்பு 25 கிராம், ஒரு சிட்டிகை சமையல் சோடா, ஆர்ட்டீமியா முட்டை அரை டீஸ்பூன். பலமாகக் காற்று விட்டு, விளக்கு வெளிச்சத்தில் 28 டிகிரியில் வைத்தால் ஒரு நாளில் பொரியும். அப்புறம் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். ஓடு மேலே மிதக்கும். அடியில் ஓரமாக வெளிச்சம் காட்டினால் ஆரஞ்சு நிறப் புழு அங்கே குவியும், அதை மட்டும் குழாய் வைத்து உறிஞ்சி நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஓடு கலந்தால் குஞ்சின் குடலை அடைக்கும்.

ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். தெரியாவிட்டால் அது தின்னவில்லை. மிச்சம் நன்னீரில் சில மணி நேரத்தில் செத்து அடியில் படியும், அதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

பாசிக்குளம்:
கரண்ட் போகிற ஊர் என்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். ஒரு மாதத்தில் குஞ்சுக்கு ஏஞ்சல் உருவம் வரும். அதற்குள் பிரித்து விடாமல் நெருக்கமாக வைத்தால் துடுப்பு வளைந்து குட்டையாகும். அப்படிப்பட்டதைக் கடைக்காரர் எடுக்க மாட்டார்.