ஒரே ஒரு டிராஃப்ட் பிக்குக்கு லூகாவைக் கொடுத்தவருக்கு வேலை போகாதாம்! (NBA பாஸ்கெட்பால் அரட்டை, 2025 நவம்பர்)

இர்விங்வாசி: (ஊருப் பேருங்க, ஆட்டக்காரர் கைரி இர்விங் இல்ல.) "டல்லாஸ் மேவரிக்ஸ் ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசன் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்ல, லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்த டிரேட் ஓனர் எடுத்த முடிவு"ன்னு கடைசிபெஞ்ச் நேத்து எழுதியிருந்தாரு. படிச்சதும் சோறு இறங்கல. பக்ஸ்கிட்ட 116-114ல தோத்து இப்ப மேவரிக்ஸ் 3 வெற்றி, 8 தோல்வி. என் கேள்வி ஒண்ணுதான். 25 வயசு லூகாவைக் கொடுத்துட்டு எதுக்கு ஒரே ஒரு முதல் ரவுண்ட் பிக் (டிராஃப்ட்ல புது ஆட்டக்காரரை எடுக்குற உரிமை), அதுவும் 2029க்கு?

கடைசிபெஞ்ச்: பதிலுக்கு லேக்கர்ஸ்ல இருந்து ஆந்தனி டேவிஸ் வந்தாரே, அவர் என்ன கொசுறா? மேக்ஸ் கிறிஸ்டியும் வந்தாரு. லூகாவை வெச்சிருந்தா அஞ்சு வருஷத்துக்கு சுமார் 34.5 கோடி டாலர் சூப்பர்மேக்ஸ் (உச்சபட்ச சம்பள ஒப்பந்தம்) அழணும். 2024 கிறிஸ்மஸ்ல கெண்டைக்கால் போய் உட்கார்ந்தவருக்கு! கல்லாப்பெட்டி ஓனர் டூமாண்ட் கையில. நிகோ வெறும் அம்பு.

இர்விங்வாசி: அந்த டேவிஸ் முதல் மேட்ச்ல 26 பாயிண்ட், 16 ரீபவுண்ட் எடுத்தாரு. மூணாவது குவார்ட்டர்லயே தொடை பிடிச்சு ஆறு வாரம் அவுட். இந்த சீசன்லயும் கெண்டைக்கால். மிக்கல் பிரிட்ஜஸுக்கு நியூயார்க் நிக்ஸ் அஞ்சு முதல் ரவுண்ட் பிக் கொடுத்தாங்க. டெஸ்மண்ட் பேனுக்கு ஆர்லாண்டோ நாலு. லூகாவுக்கு ஒண்ணு. ஒண்ணு!!

தங்கஊதா: லேக்கர்ஸ் சார்பா நன்றி சொல்லிக்கறேன். 2031 பிக்கும் எங்ககிட்டதான் பத்திரமா இருக்கு 😌

இர்விங்வாசி: பாத்தீங்களா? கையில இருந்த 2031ஐக்கூடக் கேட்டு வாங்கத் துப்பில்ல. கோபி பிரையன்ட்டுக்கு ஏஜென்ட்டா இருந்தவர் லேக்கர்ஸ் ஜெனரல் மேனேஜர் பெலிங்கா. நைக்ல அவர் காரியத்தைப் பாத்துக்கிட்டவர் நிகோ. பழைய சிநேகிதனோட காபி குடிச்சுட்டே பேசி முடிச்சாச்சு. சந்தைக்கு மாட்டை ஓட்டிட்டுப் போனாக்கூட நாலு பேர்கிட்ட விலை கேப்போம்.

கடைசிபெஞ்ச்: இந்த கோடையில லூகா உடம்பைக் குறைச்சாரே, ஏன்? நிகோ கொடுத்த சூடு. அப்புறம் டிராஃப்ட்ல முதல் பிக்கா வந்த கூப்பர் ஃபிளாக்கை யாரு கொண்டு வந்தது?

இர்விங்வாசி: டிராஃப்ட் லாட்டரில முதல் பிக் கிடைக்க 1.8 சதவீத வாய்ப்புதான். பந்து வந்து விழுந்ததுக்கு நிகோவுக்கு மாலையா? லூகா லேக்கர்ஸ் ஆளா முதல் தடவை டல்லாஸ் வந்த ஏப்ரல் 9, நான் அரங்கத்துல இருந்தேன் சார். ஒவ்வொரு சீட்லயும் டீ-ஷர்ட், ஸ்லோவீனிய மொழில "எல்லாத்துக்கும் நன்றி"ன்னு. வீடியோ ஓடுறப்ப அந்தப் பையன் துண்டால முகத்தைத் துடைச்சுட்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்து போய் 45 அடிச்சான். பக்கத்து சீட் தாத்தா அந்த டீ-ஷர்ட்டைப் போடவே இல்ல, மடியில மடிச்சு வெச்சுக்கிட்டாரு. ஒரு பிக்குக்கு!

மூணுபாயிண்ட்: ஒரு நிமிஷம். 2022ல நம்ம ஆட்டக்காரர் ஜேலன் பிரன்சன் நிக்ஸுக்குப் போனப்ப "போனா போகட்டும்"னு இங்க எழுதினது யாரு? அதுவும் நிகோ காலத்துலதான்.

இர்விங்வாசி: அது வேற விஷயம். தலைப்பை மாத்தாதீங்க.

மூணுபாயிண்ட்: பிரன்சனுக்கு எத்தனை பிக் வந்துச்சு? சைபர். அப்ப வாய் திறக்கலையே?

இர்விங்வாசி: மூணு வருஷமா இதைத் தூக்கிட்டே அலையறீங்க. வீட்ல வேலையே இல்லையா?

தங்கஊதா: டேய், செய்தி பாருங்க! நிகோவைத் தூக்கிட்டாங்க. ரசிகர்களுக்கு டூமாண்ட் கடிதமே போட்டுட்டாரு.

இர்விங்வாசி: ஆபத்தே இல்லன்னவரு எங்க? மேடைக்கு வரவும்.

கடைசிபெஞ்ச்: எங்கயும் போகல. ஓனர் தன் தலை தப்பிக்க அம்பை முறிச்சுட்டாரு. நான் சொன்னதுதான் நடந்திருக்கு.

இர்விங்வாசி: நேத்து "போகாது", இன்னைக்கு "நான் சொன்னதுதான்". பேஷ். சரி, அந்த ஒரு பிக்குக்குப் பதில்?

கடைசிபெஞ்ச்: டேவிஸ் ஃபிட்டா இருந்தா இந்தக் கேள்வியே வராது.

இர்விங்வாசி: "இருந்தா". அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா. ஏன் ஒண்ணு?

மூணுபாயிண்ட்: பிரன்சன் மேட்டருக்கு இன்னும் பதில் வரல.