திங்ஜின் என்றால் அச்சாரமா, வெறும் முன்பணமா? அவசரம்

கேள்வி:
வணக்கம். சீனாவில், குவாங்ஜோவில் சின்னதாக ஓர் உணவகம் வைத்திருக்கிறேன். மேசை நாற்காலிக்காக ஃபோஷானில் ஒரு கடையோடு 80,000 யுவானுக்கு ஒப்பந்தம் போட்டு, 24,000 கட்டிவிட்டேன். இப்போது சரக்கை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம், தர முடியாது என்கிறார்கள். ரசீதில் சீன எழுத்தில் 'திங்ஜின்' என்று இருக்கிறது. அது இருந்தால் இரட்டிப்பாக வரும் என்கிறார் ஒரு நண்பர், கட்டியது மட்டும்தான் வரும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில் 1:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஏனென்றால் திங்ஜின் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன, உச்சரிப்பில் துளி வித்தியாசம் கிடையாது. முதல் எழுத்தைப் பாருங்கள். தலையில் கூரை போட்டது மாதிரி இருந்தால் அது நம்ம ஊர் அச்சாரம். கொடுத்தவர் பின்வாங்கினால் பணம் போச்சு, வாங்கியவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும் (சீனக் குடிமைச் சட்டத் தொகுப்பு, பிரிவு 587). கூரை இல்லாமல் இடப்பக்கம் பேச்சைக் குறிக்கும் உறுப்பு ஒட்டியிருந்தால் வெறும் முன்பணம், அச்சாரம் என்று தனியாக எழுதிக்கொள்ளாதவரை இரட்டிப்பு கேட்க முடியாது. உச்ச மக்கள் நீதிமன்றம் 2023 விளக்கத்தில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. வீசாட் செயலியில் குரல் செய்தியாக மட்டும் பேசி முடித்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், காதால் கேட்டு எந்த எழுத்து என்று யாராலும் சொல்ல முடியாது.

கேட்டவர்:
கூரை இருக்கிறது! அப்போது 48,000 கேட்கலாமா?

பதில் 2:
அவசரப்படாதீர்கள். பிரிவு 586 படி ஒப்பந்தத் தொகையில் 20 சதவீதம் வரைதான் அச்சாரம். உங்களுக்கு 16,000. மீதி 8,000 சாதாரண முன்பணம், அப்படியே திரும்பி வரும். ஆக 32,000 + 8,000, மொத்தம் 40,000. முப்பது சதவீதம் கட்டுவது இங்கே சர்வசாதாரணம் என்பதால் இந்தக் கணக்கில் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. ஒப்பந்தத்தை மீறினால் 10 சதவீதம் அபராதம் என்றும் ஒரு வரி இருக்கிறது. அதையும் சேர்த்துக் கேட்கலாமா?

பதில் 2:
இரண்டும் கிடைக்காது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் (பிரிவு 588). அபராதம் 8,000தான், அச்சாரத்தில் கூடுதலாக 16,000 வருகிறது, அதையே பிடியுங்கள். நஷ்டம் அதைவிட அதிகம் என்று காட்ட முடிந்தால் மிச்சத்தையும் கேட்கலாம். அப்புறம் ஒன்று, 'தர முடியாது' என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். ரசீதை மாற்றித் தருகிறோம் என்று கூப்பிட்டால் பழையதைக் கையை விட்டு விடாதீர்கள், புதியதில் கூரை இருக்காது.