ரெண்டு துருவமும் ஒரே தூரம்தானே, ஏன் தெற்கு மட்டும் கூடக் குளிருது?

கொக்குவில் அம்மா:
வணக்கம். மகள் இந்த வருசம் ஓஎல் எடுக்கிறா. நேற்று கரண்ட் போன நேரம் முத்தத்தில இருந்து கதைச்சுக்கொண்டிருக்கேக்க கேட்டா, அம்மா வடதுருவமும் தென்துருவமும் மத்திய கோட்டில இருந்து ஒரே தூரம், ரெண்டிலயும் ஆறு மாசம் பகல் ஆறு மாசம் இரவு, பிறகேன் தெற்கு மட்டும் அவ்வளவு குளிர் எண்டு. எனக்கு மறுமொழி தெரியேல்லை. நெட்டில பாத்தா தெற்கில வின்ரர் மாசமான ஜூலையில சராசரி மைனஸ் 60 கிட்ட, வடக்கில வின்ரரிலயும் மைனஸ் 30 சொச்சம்தானாம். ஆருக்கும் தெரிஞ்சா பிள்ளைக்கு விளங்கிறமாதிரிச் சொல்லுங்கோ.

ஜியோகிரபி ரீச்சர்:
தங்கச்சி, பிள்ளை நல்ல கேள்வி கேட்டிருக்கிறா. வடதுருவத்தில நிலமே இல்லை, ஆர்க்டிக் சமுத்திரம்தான். மேல ரெண்டு மூண்டு மீற்றர் கனத்தில பனிக்கட்டி மிதக்குது, கீழ 4000 மீற்றர் ஆழத்துக்குத் தண்ணி. உப்புத்தண்ணி மைனஸ் 1.8 இலதான் உறையும், அதால மேல என்ன குளிர் எண்டாலும் கீழ இருக்கிற தண்ணி அதுக்குமேல குளிராது, அந்தச் சூடு பனிக்குள்ளால கொஞ்சம் கொஞ்சமா மேல கசிஞ்சுகொண்டே இருக்கும். தெற்கு அப்பிடியில்லை, அது அந்தாட்டிக்கா எண்ட 1.4 கோடி சதுர கிலோமீற்றர் கண்டம். தென்துருவம் கடல்மட்டத்தில இருந்து 2835 மீற்றர் உயரம், எங்கட பீதுருதலாகலை மலையே 2524 தான். அந்த உயரத்தில கிட்டத்தட்ட 2700 மீற்றர் வெறும் பனிக்கட்டி! நுவரெலியாவுக்கு ஏறேக்க சுவெற்றர் தேடுறம்தானே, அதே காரணம்தான் அங்கையும். 1983 ஜூலை 21 மைனஸ் 89.2 எண்டு கடுங்குளிர் பதிவான, அந்தாட்டிக்காவில இருக்கிற வொஸ்தொக் ஆராய்ச்சி நிலையம் இன்னும் உயரம், 3488 மீற்றர். நான் வகுப்பில ரெண்டு துருவத்தையும் பக்கத்தில பக்கத்தில வெட்டுமுகமாக் கீறித்தான் காட்டுறனான், நீங்களும் கீறிக்காட்டுங்கோ.

ட்ரொம்சோவில இருந்து:
ரீச்சர் சொன்னதோட இன்னொண்டும் இருக்கு அக்கா. நான் நோர்வேயில 69 பாகை வடக்கில இருக்கிறன். நவம்பர் கடைசியில இருந்து ஜனவரி நடு வரை சூரியன் எழும்பாது, ஆனா துறைமுகத்தில கடல் உறையாது, வின்ரர் முழுக்க மீன்பிடி போட்டுகள் ஓடும். அத்லாந்திக் வெந்நீரோட்டம் இவ்வளவு தூரம் ஏறி வருது. அந்தாட்டிக்காவுக்கு அந்தக் குடுப்பினை இல்லை, மறிக்க நிலமில்லாததால ஒரு நீரோட்டம் மேற்கில இருந்து கிழக்கா கண்டத்தை முழுசாச் சுத்தி ஓடுது, வடக்கில இருந்து வாற சூட்டை அது கிட்ட விடாது.

கொக்குவில் அம்மா:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி, கீறிக் காட்டினதும் டக்கெண்டு விளங்கீட்டுது. இப்ப கேக்கிறா, அவ்வளவு பனி எண்டா அங்க நெடுகப் பனி கொட்டுமோ எண்டு.

ஜியோகிரபி ரீச்சர்:
இல்லை, அது பாலைவனம். கண்டத்தின்ர உள்பக்கம் விழுற பனியை மழைக்கணக்கில பாத்தா வருசத்துக்கு 50 மில்லிமீற்றரும் வராது, எங்களுக்குக் கார்த்திகையில ஒரு நாள் அடைமழைக்கே அவ்வளவு விழும். அங்க விழுறது உருகிறேல்லை, ஒண்டுக்கு மேல ஒண்டா லட்சக்கணக்கான வருசமாச் சேர்ந்து இறுகிக் கிடக்கு. டோம் சி எண்ட இடத்தில துளைச்சு எடுத்த பனித்தூணில 8 லட்சம் வருசப் பழைய காத்து குமிழி குமிழியா அடைபட்டுக் கிடந்தது, அந்தக் காத்தில எவ்வளவு காபனீரொட்சைட்டு இருந்தது எண்டு அளந்தும் போட்டினம். இதையும் மகளுக்குச் சொல்லுங்கோ.